‘மூன்று விட்டுப் போடு’: அம்மாவின் நகையை விற்ற அன்று எனக்குப் புரியாத சொற்கள்

நான் தமிழாசிரியை. பத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிறேன். நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று குழூஉக்குறி. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒன்றுக்கு வேறு பெயர் வைத்துப் பேசிக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். இந்த எடுத்துக்காட்டுகளை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டில் ஒரே வாரத்துக்குள் இரண்டு இடங்களில் குழூஉக்குறிக்கு வெளியே நின்று, முதலில் அப்பாவுக்கு ஒரு நாள் வலியைக் கூட்டினேன், பிறகு 38,000 ரூபாய்க்கு மேல் பணத்தை இழந்தேன். அப்போது என்னுடன் யாரும் இல்லை. முன்னதாக யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயது எழுபத்தெட்டு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று பன்மையில் சொன்னாலும், இருந்தது நான் ஒருத்திதான். கணவர் வெளிநாட்டில், தம்பி வடக்கே வேலையில். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறுவை சிகிச்சை என்றார்கள். இரவுப் பணியிலிருந்த செவிலியர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, “அப்பா என்.பி.ஓ.வில் இருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அது ஏதோ வார்டின் பெயர் அல்லது சிகிச்சையின் பெயர் என்று நினைத்துத் தலையாட்டினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா நாக்கு வறள்கிறது என்றார். கீழே போய்ப் பால் காப்பி வாங்கிவந்து அரை டம்ளர் கொடுத்தேன்.

மயக்க மருத்துவர் வந்து கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோதுதான் எல்லாம் தெரிந்தது. என்.பி.ஓ. என்றால் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. சில மருத்துவமனைகளில் இதையே என்.பி.எம். என்று எழுதுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த காப்பி உணவுக்கணக்கில்தான் சேரும், ஆறு மணி நேரம் கழிய வேண்டும். அன்றைய அறுவை அரங்குப் பட்டியல் அதற்குள் வேறு நோயாளிகளுக்குப் போய்விட்டது. அப்பா முறிந்த எலும்போடு இன்னும் ஒரு நாள் கிடந்தார். திரும்பிப் படுக்க முடியாமல் அவர் முனகியதைக் கேட்டுக்கொண்டு அந்த இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அறை வாடகையாக ஏறிய தொகையை மறந்துவிட்டேன். அந்த முனகல் மறக்கவில்லை.

மருத்துவமனையில் உங்களிடம் மூன்றெழுத்தில் எதையாவது சொன்னால், “அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?” என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். அவர்கள் மறைப்பதற்காக அப்படிப் பேசவில்லை. நாள் முழுவதும் அதே சொற்களில் புழங்குவதால் வெளியாளுக்கு அது தெரியாது என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று இருந்தால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப்போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்த ஐந்தையும் தெரிந்துகொண்டால் வீட்டுக்கு வந்த பிறகு பாதிக் குழப்பம் இருக்காது. இந்தக் கடைசிச் சொல் தெரியாமல் வலி மாத்திரையை மூன்று வேளையும் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மகனை அதே வார்டில் பார்த்தேன்.

அடுத்தது பணம். அப்பாவுக்குக் காப்பீடு இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். அன்று இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது. இருந்திருந்தால் நகையை அடகு வைத்திருப்பேன். விற்றது என் அவசரம். அவசரம் இரண்டு நாளைக்கு மட்டும் என்றால் நகையை விற்காதீர்கள். கணக்குப் பிரிவில் கெஞ்சியாவது திங்கட்கிழமை மாலை வரை தவணை வாங்குங்கள். வங்கியில் அப்போது நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் கிடைத்தது. நகையும் நம்முடையதாகவே இருந்திருக்கும்.

அம்மா விட்டுச்சென்றது ஓர் இரட்டை வடச் சங்கிலி, நான்கு வளையல், ஒரு கெம்புக்கல் அட்டிகை. பன்னிரண்டு பவுன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். மருத்துவமனைக்கு அருகிலேயே ஒரு நகைக்கடை இருந்தது. பழைய நகை வாங்குகிறோம் என்று பலகை தொங்கியது. உள்ளே போனேன். தராசில் வைத்தார்கள். சரியாக 96 கிராம். எட்டு கிராம் ஒரு பவுன் என்றால் பன்னிரண்டு பவுன். அம்மாவின் சொல் மில்லி பிசகவில்லை என்று கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் அடுத்து நடந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கவுன்டரில் இருந்தவர் அட்டிகையைக் கையில் தூக்கிப் பார்த்து, “ஏழு போகும்” என்றார், என்னிடம் அல்ல, பக்கத்திலிருந்தவரிடம். பிறகு எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். இருபது நிமிடம் கழித்து விரல் நீளத்தில் ஒரு கட்டி வந்தது. 88 கிராம். அதை ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள், திரையில் ஏதோ எண் ஓடியது. உள்ளேயிருந்தவர் “எண்பத்து நாலரை” என்றார். முதலாளி இருக்கையில் இருந்தவர் தலை நிமிராமல், “மூன்று விட்டுப் போடு, கேஷ் ரேட்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பில்லில் ஒரே ஒரு வரி: 78.297 கிராம், கிராமுக்கு 5,350 ரூபாய், மொத்தம் 4,18,889 ரூபாய். தொண்ணூற்றாறு எப்படி எழுபத்தெட்டானது என்று கேட்டேன். “பழைய நகை இல்லையா அம்மா, கழிவு போகத்தானே செய்யும்” என்றார். குரலில் மரியாதை இருந்தது. தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். பணம் உடனே வங்கிக் கணக்குக்கு வந்தது. நகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகும் தெம்பும் எனக்கு இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் எங்கள் தெருக்கோடி ஆசாரி அவரைப் பார்க்க வந்தார். வயதாகிப் பட்டறையை மூடிவிட்டவர். அம்மாவின் அட்டிகையைச் செய்தவரே அவர்தான். பில்லை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது பில் இல்லை தாயி, விடை மட்டும் எழுதின தாள். கணக்கைக் காணோம்” என்றார். பிறகு அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் நான் சொல்லச் சொல்ல, அவர் பிரித்துக் காட்டினார்.

எண்பத்து நாலரை என்பது டச். நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்பது. 22 காரட் என்றால் 91.6 இருக்க வேண்டும், அதைத்தான் 916 என்று முத்திரையில் போடுகிறார்கள். பழைய காலத்தில் மாற்று என்றார்கள், உரைகல்லில் தேய்த்துக் கண்ணால் பார்த்தார்கள். இப்போது எந்திரம் சொல்கிறது. அம்மாவின் நகை 84.5 காட்டியதில் தப்பில்லை என்றார் ஆசாரி. இதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எதையும் மறைக்கவில்லை. “அந்தக் காலத்தில் பொடி வைத்துத்தான் ஊதினோம் தாயி. பற்றவைக்கிற பொடியில் செம்பு இருக்கும். சங்கிலியில் கண்ணி எத்தனையோ அத்தனை இடத்தில் பொடி. இருபத்திரண்டு என்று சொல்லிச் செய்த நகையும் உருக்கினால் இறங்கத்தான் செய்யும்.” பொடி வைத்துப் பேசுகிறான் என்று நாம் சொல்வதே பட்டறையிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பிற்பாடு வந்த கே.டி.எம். நகைகளில் செம்புப் பொடிக்குப் பதில் காட்மியம். தரம் இறங்கவில்லை. ஆனால் அந்தப் புகையை மூச்சில் வாங்கிய பொற்கொல்லர்களின் உடம்பு கெட்டது. அதனால் அது விலக்கப்பட்டது. கே.டி.எம். என்ற சொல்லைத் தரமுத்திரை என்று நினைத்து இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பற்றவைத்த முறையின் பெயர் மட்டும்தான்.

‘மூன்று விட்டு’ என்றால் எந்திரம் காட்டிய டச்சில் மூன்று பங்கைத் தங்களுக்கு விட்டுக்கொண்டு 81.5 என்று கணக்குப் போடுவது. நான் அதை மூன்று கிராம் என்றுகூட நினைக்கவில்லை, ஏதோ டோக்கன் பேச்சு என்று விட்டுவிட்டேன். 88 கிராமை 84.5 டச்சில் கணக்கிட்டால் 22 காரட்டுக்கு 81.179 கிராம் வரவேண்டும். அந்த ஒரு சொல்லில் 2.882 கிராம் போனது, அன்றைய விலையில் 15,851 ரூபாய். ‘கேஷ் ரேட்’ என்பது இன்னொரு வெட்டு. அன்று கடை வாசலில் எழுதியிருந்த போர்டு ரேட் 5,500 ரூபாய். பழையதைக் கொடுத்துப் புது நகை எடுத்தால் போர்டு ரேட், பணமாகக் கேட்டால் 150 ரூபாய் குறைவு. அதில் 11,745 ரூபாய். கடைக்காரர் ஒன்றுமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வாடகை உண்டு, ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. எவ்வளவு எடுக்கிறார் என்பதை என் முன்னாலேயே, எனக்குப் புரியாத சொல்லில் பேசி முடித்ததுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது.

‘ஏழு போகும்’ என்றது கல்லும், கல்லைப் பதிக்க அடியில் வைக்கும் அரக்கும். ஆசாரி வீட்டுக்குப் போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். நீல மசி மங்கியிருந்தது. அம்மாவின் பெயருக்கு நேரே: அட்டிகை, கெம்பு 21, கல் 4.300, அரக்கு 0.600. சேர்த்தால் 4.9 கிராம். கடையில் கண்ணளவில் கழித்தது ஏழு. கூடுதலாகப் போன 2.1 கிராமுக்கு, அதே 84.5 டச்சில் போர்டு ரேட்டுக்குக் கணக்கிட்டால், 10,655 ரூபாய். உருக்கியதில் ஒரு கிராம் குறைந்தது பற்றிக் கேட்டேன். எண்ணெய், அழுக்கு ஏறிய நகையில் அவ்வளவு போகும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை என்றார். ஆக மூன்றும் சேர்ந்து 38,251 ரூபாய். எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி.

பழைய நகையை விற்கப் போகிறவர்களுக்கு ஆசாரி சொன்னதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். நகை உங்கள் கண் பார்வையை விட்டு உள்ளே போகக் கூடாது. போகும் முன்னால் நான்கு கேள்விகள்: கல்லையும் அரக்கையும் என் முன்னால் எடுத்து எடை போடுவீர்களா? டச் எவ்வளவு வந்தாலும் அதே டச்சுக்கா பணம், அல்லது எத்தனை விடுவீர்கள்? பணமாக எடுத்தால் போர்டு ரேட்டில் எவ்வளவு குறையும்? உருக்கிய பிறகு விலை பிடிக்காவிட்டால் கட்டியை எடுத்துப் போகலாமா? பதில்களை ஒரு தாளில் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். எழுதுகிற பெண்ணிடம் பேச்சு மாறிவிடுகிறது, இதை நான் பிறகு நேரில் பார்த்தேன். நாம் நம் நகையைக் கடையில் விற்கும்போது அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. யாராவது கழித்தால் கேளுங்கள். கடைக்குப் போகும் முன்பே தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் (தரமுத்திரை) மையங்களில் பொதுமக்களும் நகையைச் சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகை வரை அப்போது 200 ரூபாய்தான் கட்டணம். 200 ரூபாய்ச் சீட்டு ஒன்று என் கையில் இருந்திருந்தால் அந்தக் கடையில் நான் வேறு ஆளாக நின்றிருப்பேன். எந்திரச் சோதனை மேற்பரப்பைத்தான் பார்க்கும் என்பதால், கனமான பழைய நகையில் உருக்கிய பின் வரும் எண் கொஞ்சம் மாறலாம். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு என்னைச் சிறுவயதில் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சில சமயம் மாட்டுக்காரனுக்கே தெரியாது. தாத்தா தரகரிடம், “என் மாட்டுக்கு என் கையைப் பிடி” என்று துண்டுக்குள் தன் கையை நீட்டிவிடுவார். நகைக்கடையில் அந்தக் கையை நீட்ட எனக்குத் தோன்றவில்லை.

2024 தை மாதம் மகளுக்கு இரண்டு பவுனில் ஒரு சங்கிலி எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை தெற்காவணி மூல வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடையில் விற்பனையாளர் பின்னாலிருந்தவரிடம், “வி.ஏ. பதினாலு சொல்லட்டுமா?” என்றார். வி.ஏ. என்றால் செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்த்து விலைக்கு மேல் ஏற்றும் விழுக்காடு. கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். பேரம் பேச இடமிருப்பது இதில்தான், போர்டு ரேட்டில் அல்ல. “பதினாலு வேண்டாம், எந்திரத்தில் செய்த சங்கிலிதானே, குறைத்துச் சொல்லுங்கள்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேசிப் பேசிப் பதினொன்றுக்கு வந்தது. 16 கிராம், கிராம் 5,800 ரூபாய் என்றால் தங்கம் 92,800. மூன்று விழுக்காடு குறைந்ததில் 2,784 ரூபாய் மிச்சம். அதன்மேல் வரும் மூன்று விழுக்காடு ஜி.எஸ்.டி.யிலும் கொஞ்சம் குறைந்தது. கல் வைத்த நகையாக இருந்தால் கல்லோடு சேர்ந்த கிராஸ் எடை, கல் போக நெட் எடை இரண்டையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் கல்லுக்கும் தங்க விலை கொடுத்துவிட்டு வருவோம்.

சேதாரம் என்ற சொல்லுக்கு ஆசாரி வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு உருவம் கிடைத்தது. கையால் அரத்தில் ராவும்போது பொடியாக உதிர்வது, உருக்கும்போது அந்தக் கிண்ணமான மூசையில் ஒட்டிக்கொள்வது, அதுதான் சேதாரம். ஆனால் அதையும் பட்டறைக்காரர்கள் விட்டுவிடுவதில்லை. கூட்டிய குப்பையைக் கொட்டமாட்டார்கள். கை கழுவிய தண்ணீருக்கு ஒரு தனிப் பானை. அடியில் படிந்த மண்ணை விலைக்கு எடுத்துப்போய் அலசித் தங்கம் பிரிப்பவர்கள் உண்டு. ஆசாரி தன் பழைய வேலைப் பலகையின் இடுக்கை ஊசியால் கிண்டிக் காட்டினார், கறுப்பு அழுக்குக்குள் ஒரே ஒரு மினுக்கு.

புது நகையில் மூன்று குறிகளைப் பாருங்கள்: பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட் 916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாளக் குறியான எச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறெழுத்து இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், பூதக்கண்ணாடி கேளுங்கள், கடையில் வைத்திருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறையும் போட்டால் அது என்ன நகை, என்ன தரம் என்று வரும். சங்கிலியின் குறிக்கு மோதிரம் என்று வந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தக் குறியுள்ள நகையைப் பிற்காலத்தில் விற்கும்போது டச் பற்றி யாரும் உங்களை மிரட்ட முடியாது. அம்மாவின் தலைமுறைக்கு அது இல்லை. நம் நாட்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000இல்தான். அதுவரை ஆசாரியின் வாய்ச்சொல்தான் முத்திரை.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஆசாரியின் நோட்டைப் பார்த்த மறுநாள் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன், பணத்துக்காக அல்ல. அட்டிகையின் கற்களுக்குக் கழித்தார்களே தவிர, கற்களைத் திருப்பித் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்திருந்தது. கவுன்டரில் இருந்தவர் மறுக்கவில்லை. உள்ளே போய் மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். யார் யாருடைய நகையிலிருந்தோ பெயர்த்த கற்கள், சிவப்பு, பச்சை, வெள்ளை, ஓரம் உடைந்தவை, அரக்கு ஒட்டியவை, கைப்பிடி கைப்பிடியாக. “உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றார். இருபத்தொரு கெம்பு. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எது அம்மா கழுத்தில் கிடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன்.